பாலத்துக்குப் பக்கத்தில் வீடு

அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: கல்லூரி மேடம். மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து வந்த ஓர் அம்மா. அந்த அம்மாவின் பெண். என் மகள். நான்.

மேசை மேல் ஒரு தாள். முதல் ஆறு மாதத்துக்கு என்னென்ன பேப்பர் படிப்பது என்று அதில் எழுத வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவள். பேப்பர் என்றால் பாடம் என்று மகள் பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தாள். ஐந்து பேப்பர் கட்டாயம். அதற்கு மேல் மூன்று வரை நாமே சேர்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர், கணக்குப் பதிவு, பேச்சு இங்கிலீஷ். சேர்த்துவிட்டால் நடுவில் விட முடியாது என்று மேடம் முதலிலேயே சொன்னார். பாஸ் ஆகாததை மறுபடி எழுதியே தீர வேண்டும்.

மேடம் எல்லாரிடமும் இரண்டு கேள்விதான் கேட்டார். வீடு எங்கே? காலேஜ் விட்டதும் வேறு என்ன வேலை?

மாடவீதி அம்மா முதலில் சொன்னார். "நடந்தே வந்துடுவா. ஆனா சாயங்காலம் பாட்டு கிளாஸ் இருக்கு. ஆத்துக்கு வந்தா அலுத்துண்டு படுத்துடுவா. ஆறு போறும்."

"ஏழு எடுத்துக்கறேனேம்மா" என்றது அந்தப் பெண்.

"முதல்ல ஆறை ஒழுங்காப் படி. அப்புறம் பாக்கலாம்."

மேடம் ஆறு என்று எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

எங்கள் வீடு முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது, பாலத்துக்குப் பக்கத்தில். அதை இடித்துவிட்டு எங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுக்குமாடி. ஆறாவது மாடி. அங்கிருந்து மயிலாப்பூருக்கு இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம்.

நான் அடையாறில் மூன்று வீட்டில் வேலை செய்கிறேன். பெரும்பாக்கம் போன புதிதில் ஒரு வீட்டில் வேலை கேட்டேன். "அங்கேர்ந்தா வர்ற?" என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டே கேட்டார்கள். அடுத்த வீட்டில் பாலத்துகிட்ட என்றேன். வேலை கிடைத்தது. அதிலிருந்து யார் கேட்டாலும் பாலத்துகிட்டதான். ஆதார் கார்டிலும் பழைய விலாசத்தை மாற்றவில்லை.

மேடத்திடமும் அதையே சொன்னேன்.

"அடையாறு பாலத்துகிட்ட மேடம். ஒரே பஸ்ஸு. கால் மணி நேரம்."

மகள் என் முழங்கையைத் தொட்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"சாயங்காலம் எங்கயாவது வேலைக்குப் போறாளா?"

போய்க்கொண்டுதான் இருந்தாள். தி.நகரில் ஒரு துணிக்கடை. மூன்றரையிலிருந்து எட்டு வரை. பன்னிரண்டாவது முடித்த லீவில் சேர்ந்தவள். நிறுத்துகிற நிலைமையில் வீடு இல்லை.

"எம் பொண்ண நான் வேலைக்கெல்லாம் அனுப்பறதில்ல மேடம். வந்தா படிப்புதான்." மாடவீதி அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அப்போ நேரம் இருக்கு. எட்டும் எடுக்கலாம்" என்ற மேடம், மகளைப் பார்த்து, "முடியுமாம்மா?" என்றார்.

முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். அம்மா பொய் சொன்னது தெரிந்துவிடும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "முடியும் மேடம்" என்றாள்.

பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். "பெரும்பாக்கம்னு சொன்னா இன்னா, கடிச்சா வெச்சிடுவாங்க?"

"வாய மூடிக்கினு வா."

"எட்டு பேப்பர நான் படிக்கிறேன். கடைக்கு யாரு போறது, நீ போறியா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டாயப் பாடங்கள் ஒன்றரைக்கு முடியும். சேர்த்துக்கொண்டவை மூன்று மணி வரை. மூன்றுக்கு ஓடினால்தான் கடைக்குச் சரியாக இருக்கும். மத்தியானச் சோறு தி.நகர் பஸ்ஸில், நின்றுகொண்டே. கம்ப்யூட்டர் மட்டும் சனிக்கிழமை. சனிக்கிழமை கடையில் லீவு கேட்க முடியாது. அந்த வகுப்புக்கு அவள் போனது இரண்டு தடவை.

காலையில் நானும் அவளும் ஆறு மணி பஸ்ஸில் ஒன்றாகத்தான் போவோம். புத்தகத்தைத் திறப்பாள். பள்ளிக்கரணை வருவதற்குள் தலை ஜன்னலில் சாய்ந்துவிடும். ஒருநாள் கண்டக்டர் நின்று பார்த்தார்.

"இன்னா பாப்பா, சீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்து குடி வந்துட்டியா? எப்பப் பாத்தாலும் இங்கயே தூங்கிக்கினு கீற."

பஸ்ஸில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் விழித்து முதலில் பார்த்தது என் முகத்தைத்தான்.

மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை முடித்து நான் நிற்கும் அடையாறு ஸ்டாப்பிலிருந்து அந்தக் காலேஜுக்கு ஒரே பஸ். கால் மணி நேரம். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். ஆறு மாதத்தில் ஒருநாள்கூடப் போகவில்லை. பள்ளியில் அவள் எதிலும் ஃபெயில் ஆனதில்லை, சமாளித்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரிசல்ட்டைப் போனில் காட்டினாள். கம்ப்யூட்டர் பரீட்சைக்கு அவளை உட்காரவே விடவில்லை, வருகை போதாது என்று. கணக்குப் பதிவு போயிற்று. இங்கிலீஷும் போயிற்று. இங்கிலீஷ் பள்ளியில் அவளுக்கு நன்றாக வந்த பாடம். "ஏம்மா சொன்ன" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த ஆறு மாதத்துக்கு அதே மேசை. மேடம், மகள், நான். மேடம் முதல் கேள்வியையே கேட்டார். மகள் குனிந்துகொண்டாள்.

"பெரும்பாக்கம்" என்றேன். "ரெண்டு பஸ்ஸு. போவ ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மூணரைக்குத் துணிக்கடைக்குப் போவுது. அன்னிக்கு நான் சொன்னது பொய் மேடம். புள்ள மேல தப்பு இல்ல."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அஞ்சோட நிறுத்தியிருப்பேனேம்மா."

நான் மேசை மேல் இருந்த தாளைப் பார்த்தேன்.

"சரி. இந்தத் தடவை கட்டாயம் மட்டும்தான். வேற எதுவும் வேணாம்." ஐந்து என்று எழுதினார். அதற்குக் கீழே, போன தடவை பாஸ் ஆகாத பேப்பர்களை ஒவ்வொன்றாக எழுதினார். மூன்று. அடியில் ஒரு கோடு போட்டுக் கூட்டினார்.

எட்டு.