மூக்கு ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்

என் அக்காள் கணவர் டிவி ரிமோட்டைத் தரையில் வைத்து, டைல்ஸ் கோட்டின்மேல் மெல்ல நகர்த்துகிறார். ரிமோட்டின் தலை சுவரைப் பார்க்கிறது. போவதென்னவோ கோட்டோடு நேராக. “இப்படித்தான் மச்சான் எறங்கணும். மூக்கு காத்தப் பாக்கணும், சக்கரம் ரோட்டப் பாக்கணும்.”

“நண்டு மேஞ்சது போதும்ப்பா, ரிமோட்டக் குடுங்க” என்கிறாள் மகள்.

அவர் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் தலைமை விமானி. எட்டு எஞ்சின்கள் கொண்ட அந்த விமானம் அவர் பிறப்பதற்கு முன்பே கட்டப்பட்டது. இறக்கைகள் அவ்வளவு நீளம். பக்கக் காற்றில் சற்றுச் சாய்த்து இறக்கினால் நுனி தரையை உழுதுவிடும். அதனால் சக்கரங்களையே ஓடுபாதைக்கு நேராகத் திருப்பிவைக்க ஒரு குமிழ் உண்டு. ஓடுபாதையைப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தபடி இறங்குகிறார். முன்சக்கரங்கள் முந்தித் தொட்டால் நூறு டன்னும் தவளைபோல் எம்பும்.

காற்றில் இறங்கிய நாளில் அவருடைய மணிக்கட்டு அவர் பேச்சைக் கேட்பதில்லை. “பேருக்குத்தான் பெரிய பைலட்டு. தண்ணி பாட்டில் மூடியக்கூட நாந்தான் தெறக்கணும்” என்பாள் அக்காள்.

அந்த விமானம் எதற்காக உண்டானதோ அதன்மேல் எனக்கு மரியாதை இல்லை. அவரிடமே சொல்லியிருக்கிறேன். “எனக்கு மட்டும் இருக்கா மச்சான்? ஆனா உள்ள அஞ்சு பேரு இருக்கோமே, எறக்கித்தான ஆகணும்?”

போன மாதம் இவரோடு பறந்த துணை விமானி குமிழைச் சரியாகத்தான் திருப்பினாள். அளவுமானியின் முள்ளும் சரியாகத்தான் காட்டியது. சக்கரங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லில் போய் நின்றது. உயிருக்குச் சேதமில்லை. அந்தக் குமிழின் திருகு தேய்ந்து வழுக்குகிறது என்று இவர் அதற்கு முன்பே நான்கு முறை எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய விசாரணை அறிக்கை மட்டும் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது: ‘துணை விமானியின் கவனக்குறைவு.’ இவரும் கையெழுத்திட்டால் அவள் இனிப் பறக்க முடியாது.

நேற்றுக் காலை அறிக்கையோடு ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். “ஒரு கையெழுத்துதான் சார். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கிறதுதான்யா எனக்கு வயித்தெரிச்சலே! அந்தப் பொண்ணு என்னய்யா தப்பு பண்ணுச்சு? முள்ள நம்புனது தப்பா? உங்கள நம்புனது தப்பா?”

“மேல கேப்பாங்க சார்...”

“கேக்கட்டும். நாலு தடவ நான் கேட்டப்ப மேல யாரும் இல்லையா?”

அக்காள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

அவர் அதிகாரியின் பேனாவை வாங்கினார். கையெழுத்துக்கென விட்டிருந்த கட்டத்துக்குள், நான்கு புகார்களின் தேதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பெயர் போட இடம் மிஞ்சவில்லை. பேனாவை மூடி, அதிகாரியின் சட்டைப்பையில் தானே செருகிவிட்டார்.