அலுமாரிக்குள் வைத்த டிஸ்க்

கண்டாவளையில் கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு எது நடந்தாலும் படம் எடுக்க வீரபாகுவைத்தான் கூப்பிடுவார்கள். வேறு ஆள் இல்லாமல் இல்லை. வேறு ஆளைக் கூப்பிட்டால் மனுசன் அந்த வாசலால் மோட்டார் சைக்கிளில் நாலு தரம் போய்வந்து முறைப்பார். மாப்பிள்ளையின் நாடியைப் பிடித்துத் திருப்புவார். மந்திரம் சொல்லுகிற ஐயரைக் கைகாட்டி நிறுத்துவார். முப்பது வருசத் தொழிலில் ஒரு படம் ஆடியிருந்தால் அது நின்றவரின் பிழை. வீரபாகுவின் பிழை என்று ஒன்று இதுவரை நடந்ததில்லை.

போன ஆடியில் அவருடைய கொம்பியூட்டரில் இடம் முடிந்துபோனது. கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிற செந்தூரன் ஒரே அளவான இரண்டு புது ஹார்ட் டிஸ்க்குகளைப் பூட்டி, ரெய்ட் என்கிற முறையில் சோடி சேர்த்துவிட்டான். ஒன்றில் ஏறுகிற படம் அதே நேரத்தில் மற்றதிலும் ஏறும். ஒன்று பழுதானாலும் மற்றது நிற்கும்.

"ரெண்டும் பெட்டிக்குள்ளயே இருக்கோணும் அண்ணை. கழட்டிப்போடாதேங்கோ."

"பெட்டியோட எரிஞ்சால்?"

"அதுக்கு மூண்டாவதா ஒண்டு வாங்கித் தனியாக் கொப்பி எடுத்து, வேற இடத்தில வையுங்கோ."

மூன்றாவது என்றதும் வீரபாகு இதை யாவாரக் கதை என்று முடிவுகட்டிவிட்டார். இவன் என்ன தனக்குப் பாதுகாப்புப் படிப்பிப்பது? இடப்பெயர்வில் காணி உறுதியை ஒரு பையிலும் அதன் கொப்பியை மனைவி ரஜிதாவின் பையிலும் வைத்து நடந்தவர் அவர். ரஜிதாவின் பை வழியில் போனது, அவருடையது வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறவன் மடையன் என்பது அன்றிலிருந்து அவருடைய சட்டம். சட்டத்தில் பிழையில்லை. ஹார்ட் டிஸ்க் காணி உறுதி இல்லை, அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு நாள் இரண்டில் ஒன்றைக் கழற்றி, பொலித்தீனில் சுற்றி, வீட்டு அலுமாரியில் ரஜிதாவின் கூறைச் சேலைக்குள் வைத்தார். அன்றிலிருந்து கொம்பியூட்டரைப் போடும்போதெல்லாம் இங்கிலீசில் சிவப்பு எழுத்து வந்தது. வந்தால் வரட்டும் என்று ஒரு பொத்தானை அமத்திக் கடந்துபோனார்.

ஐப்பசியில் கமலாசனியின் மகள் யதுர்ஷிகாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து, தாலி கட்டிப் பத்தாம் நாள் திரும்பிவிட்டான். பிள்ளையை அங்கே கூப்பிடுவதற்கான விசாக் கோவையில் கலியாணப் படங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அங்கத்தைய லோயர் சொல்லியிருந்தார். கமலாசனி படம் கேட்டுக் கிழமைக்கு ஒருக்கால் ஸ்டூடியோக் கடைக்கு வந்தாள். கிழமைக்கு ஒருக்கால் வீரபாகு "வாற கிழமை" என்றார்.

மார்கழியில் கலியாணம் இல்லை, கையில் வேலை இல்லை. அலுமாரி டிஸ்க்கிலும் புதுப் படங்களை ஏற்றிவைப்போம் என்று கொண்டுவந்து பூட்டினார். எதைப் பார்த்து எதை எழுதுவது என்று திரை கேட்டது. வீரபாகு யோசித்தார். தூசியும் சூடும் படாமல் பட்டுக்குள் இருந்ததுதானே பத்திரமான டிஸ்க்? அதைப் பார்த்து மற்றதை எழுதச் சொன்னார். கொம்பியூட்டர் சொல்வழி கேட்கிற சாமான், அப்படியே எழுதியது. அன்று பின்னேரம் இரண்டு டிஸ்க்கும் ஆவணி மாதத்தில் போய் நின்றன. ஐப்பசியும் இல்லை, யதுர்ஷிகாவும் இல்லை.

செந்தூரனிடம் ஓடினார். அவன் தலையைச் சொறிந்துவிட்டு, கமராவில் போட்டிருந்த கார்ட்டைக் கேட்டான். அதைத் துடைத்து, கார்த்திகையில் ஒரு சாமத்தியவீடும் எடுத்தாகிவிட்டது. செந்தூரன் கார்ட்டைத் துழாவியதில் அழிந்த கலியாணத்தில் அறுபத்திமூன்று படங்கள் மீண்டன. எல்லாம் கடைசிப் பந்தி. மாப்பிள்ளை வாய் நிறையச் சோறு, பொம்பிளை கையில் அப்பளம்.

கமலாசனி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள்.

"தாலி எங்க அண்ணை?"

வீரபாகு மின்சாரம் ஏறி இறங்கினதைப் பற்றி ஏதோ தொடங்கினார். அவள் எழும்பிப் போய்விட்டாள். யதுர்ஷிகா சொந்தக்காரரின் போன்களைத் தேடி எடுத்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் எட்டுப் பேர் எடுத்திருந்தார்கள். எட்டிலும் தெரிந்தது வீரபாகுவின் முதுகு.

படம் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று எடுத்தவரே எழுதி, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைக்கட்டும் என்றார் லோயர். வீரபாகு 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இரண்டு வரி எழுதிக் கொண்டுபோனார். யதுர்ஷிகா அதை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். நடந்தது நடந்தபடி வேண்டும், இல்லாவிட்டால் கள்ளக் கலியாணம் என்று நினைப்பார்கள் என்றாள். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

"என் அறியாமையால் படங்களை அழித்துவிட்டேன். இணைத்துள்ள எட்டுப் படங்களிலும் உள்ள முதுகு என்னுடையது. அதற்கு முன்னால்தான் தாலி கட்டப்பட்டது."

'அறியாமையால்' என்ற இடத்தில் பேனை நின்றது.

"பிள்ளை, அந்தச் சொல்லு வேணுமே?"

"ஓம் அங்கிள். அதைப் பாத்தாத்தான் நம்புவினம்."

கையெழுத்து வைத்தார். வைகாசியில் பிள்ளைக்கு விசா வந்தது.

இப்போது கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் வீரபாகு கதிரையை இழுத்துப்போட்டுச் சொல்லுகிறார். கமலாசனியின் மகளைக் கனடாவுக்கு அனுப்பியது அவருடைய ஒரு கடிதமாம்.