ரோஜா இலையில் அரை இஞ்சு வட்டம்

தெருவில் அவரைக் காஜாக்காரர் என்றால்தான் தெரியும். பதினெட்டு வருஷமாக அக்கா புருஷனின் தையல் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறார், பொத்தான் வைக்கிறார், ஓரம் மடித்து அடிக்கிறார். கத்தரிக்கோலைத் தொட மட்டும் அனுமதி இல்லை. அது அத்தானுடையது. அத்தானைக் கடையில் எல்லாரும் மாஸ்டர் என்பார்கள்.

காரணம் முதல் நாளே நடந்துவிட்டது. ஒரு கழுத்து வட்டம் வெட்டச் சொன்னார் மாஸ்டர். அவர் முறைப்படி கத்தரிக்கோல் ஒரே இடத்தில் நிற்கும். இடது கை துணியைத் திருப்பிக்கொண்டே வரும். காஜாக்காரரோ துணியை அசைக்காமல் தானே மேசையைச் சுற்றி வந்தார். மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது. இடையில் வயிற்றை எக்கி நுழைந்தவர், மறுபக்கம் வெளியே வரும்போது யாருடைய கோட்டுத் துணி மேலோ டீயைக் கவிழ்த்துவிட்டார். வட்டம் என்னவோ ஒழுங்காகத்தான் வந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

"நின்ன இடத்துல நின்னு வெட்டணும் மாப்ளே. நடக்கணும்னா தபால்காரரா போ," என்றார் மாஸ்டர்.

இப்போது மாஸ்டருக்குக் கண்ணில் புரை. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதன்பின் ஆறு வாரம் வெட்டும் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த தெருக் கடையிலிருந்து ஒரு ஆளை வரவழைக்கலாமா என்று மாஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் காஜாக்காரருக்கு ஊசியில் நூல் ஏறாது. இந்த ஆறு வாரமும் கைவிட்டுப் போனால் சாகும்வரை காஜாதான்.

அந்த நேரத்தில்தான் ரோஜா இலைகளில் ஓட்டை விழுந்தது.

கடைக்குப் பின்னால் மாஸ்டர் நாலு தொட்டியில் ரோஜா வளர்த்தார். ஒரு நாள் காலையில் பார்த்தால், இலை ஓரமெல்லாம் வட்ட வட்டமாக வெட்டியிருக்கிறது. டேப்பையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய் அளந்தார். அளவுப் புத்தகத்தில், ஒருவருடைய சட்டை அளவுக்குக் கீழே எழுதினார்: 'இரண்டாம் தொட்டி. வட்டம் பதினேழு. எல்லாம் அரை இஞ்சு.'

"புழுவா இருக்கும்," என்றாள் அக்கா.

"புழு தின்னா பிசிறு இருக்கும். இது ஒரு நூல் பிசகல. தொழில் தெரிஞ்ச கை." மாஸ்டரின் குரல் இறங்கியது. "இந்த வீட்டுல கத்தரிக்கோல் பிடிச்சவங்க ரெண்டே பேரு. நான் வெட்டல."

இருவரும் காஜாக்காரரைப் பார்த்தார்கள்.

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார்: "ஆனா ஒண்ணு. இப்படி ஒரு வட்டம் எனக்கே வராது."

பதினெட்டு வருஷத்தில் அந்தக் கடையில் விழுந்த முதல் பாராட்டு அது. அது கேட்க ஆளில்லாமல் நடுவில் கிடப்பதைக் காஜாக்காரரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான்தான் அத்தான். சும்மா பழகிப் பாத்தேன்."

"என் ரோஜாவுலயா?"

"துணியைத் தொட விடலையே."

மாஸ்டர் கோபப்பட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். அவர் தலையாட்டினார். "நாளைக்குக் காலையில என் முன்னாடி ஒண்ணு வெட்டு. இதே மாதிரி வந்தா ஆறு வாரமும் மேசை உன்னுது."

சாயங்காலம் முழுக்கக் காஜாக்காரர் பழைய செய்தித்தாளில் அரை இஞ்சு வட்டம் வெட்டிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

"உண்மையைச் சொல்லித் தொலையேன்டா," என்றாள் அக்கா.

"சொன்னா பாராட்டைத் திருப்பிக் கேப்பாரு."

மறுநாள் ஒன்பது மணிக்கு மாஸ்டர் தொட்டிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். அக்காவும் வந்து நின்றாள். காஜாக்காரர் கடையின் பெரிய கத்தரிக்கோலைத் தூக்கினார். இலை செடியில் இருந்தது; அதைத் திருப்பவும் வழியில்லை. தொட்டியைச் சுற்றி நடந்தார். முள் கால்சட்டையைப் பிடித்தது. விடுவித்துக்கொண்டு மிச்சத்தையும் நடந்தார். விழுந்த துண்டு வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. யாரோ உட்கார்ந்து எழுந்த தலையணை மாதிரி இருந்தது.

மாஸ்டர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தேனீ வந்தது. பக்கத்து இலையின் ஓரத்தில் உட்கார்ந்து, அதைக் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, வாயால் வெட்டத் தொடங்கியது. பத்து எண்ணுவதற்குள் அரை இஞ்சுத் துண்டு கழன்றது. அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சுவரில் செருகியிருந்த பழைய இரும்புக் குழாய்க்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அதே தேனீ மறுபடி வந்து இன்னொன்று வெட்டியது.

"நான் வெட்டல அத்தான்," என்றார் காஜாக்காரர்.

"அதான் தெரியுதே."

"கூட்டம் ஒண்ணும் காணோமே," என்றாள் அக்கா. "வெட்டறது, சுமக்கறது எல்லாம் ஒரே ஆளா? அதையே கடைக்குக் கூப்பிட்டுடலாம்."

தேனீ மூன்றாவது தடவை வந்தபோது மாஸ்டர் மூக்கை இலை வரைக்கும் கொண்டுபோனார். அவருடைய இடது கை தானாக, இல்லாத துணியைத் திருப்பிக்கொண்டிருந்தது. மெதுவாக நின்றது.

"இலையை அசைக்கலையே," என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி.

"அதுதான் சுத்தி வருது," என்றாள் அக்கா. "உங்க மச்சான் மாதிரியே."

மாஸ்டர் பூதக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"டீயைக் கொட்டலையே," என்றார்.

ஆனால் மத்தியானம் அவரே மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். "தூக்கு மாப்ளே." பதினெட்டு வருஷமாகச் சுவரோடு ஒட்டிக் கிடந்த மேசை அறைக்கு நடுவே வந்தது. காஜாக்காரர் வெட்டிய முதல் கழுத்து வட்டத்தை மாஸ்டர் மூன்று தடவை அளந்தார். குறை கிடைக்கவில்லை. அடுத்த தெரு ஆளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து, கண்ணில் கட்டோடு மாஸ்டர் கடை மூலையில் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் மேசையைச் சுற்றிப் போனது.

"என்னது, கழுத்தா?"

"கழுத்துதான் அத்தான்."

"இந்தப் பக்கம் வர்றியா?"

"வந்துட்டே இருக்கேன்."

மாஸ்டர் அவசரமாகத் தடவி, பக்கத்திலிருந்த தன் டீயை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.