ஆடிக் காற்றுக்கு ஓர் அடுப்பு

அடுப்பு வாங்க, பானையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவன் தென்காசியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

என் மனைவி சீராகக் கொண்டுவந்த வெண்கலப் பானை அது. ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை குற்றாலத்தில் குளித்துவிட்டு, இலஞ்சிக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் இருக்கிற எங்கள் அம்மனுக்கு அந்தப் பானையில்தான் பொங்கல் வைப்போம். மூணு செங்கல், காய்ந்த மட்டை, சாரலில் நனைந்த விறகு, ஒரே புகை. அந்தப் புகைக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சிரிப்பாள். இருபது வருசத்துக்கு மேல் அவள் கையால்தான் பொங்கிற்று.

பிறகு அவளுக்கு இளைப்பு வந்தது. புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆடியில் என் அக்கா பொங்கல் வைத்தாள். இவள் தூரத்தில் ஒரு தென்னைமரத்தடியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பானை பொங்கினபோது குலவை போட வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. திரும்பி வரும்போது, "ஆத்தா என்னை வேண்டாம்னுட்டாளோ என்னமோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அந்த வருசம் பூரா அது நெஞ்சில் கிடந்தது.

கேஸ் அடுப்பில் வைத்தால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஏலே, கேஸுல வச்ச பொங்கலை ஆத்தா எடுத்துக்கிடுவாளா? ஓட்டல் சோறுன்னுல்லா நெனப்பா."

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், சாஸ்திரமெல்லாம் தெரியாது. அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று மனசில் நினைத்துக்கொண்டேன். பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளைதான் இருந்தது. மறுநாளே பானையோடு கடைக்குப் போய்விட்டேன்.

கடைக்காரர் முதலில் காட்டியது சக்கரம் வைத்து, மூடி போட்ட பெரிய கிரில். "துபாய்லருந்து வாற நம்ம ஆளுக இதைத்தான் கேக்காவ அண்ணாச்சி. தோட்டத்துல வச்சுக் கோழி சுடலாம்."

"ஆத்தாவுக்குப் பொங்கல் வைக்கணும்யா. கோழி சுடுத அடுப்பைக் காட்டுதீயளே."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தது கண்ணாடி போட்ட அடுப்பு. பானையின் கனத்தை நினைத்து நானே வேண்டாம் என்றேன். சின்ன சிலிண்டரின் தலையிலேயே திருகுகிற அடுப்பில் வைத்தால், அடிப்பாகம் உருண்டையான பானை தஞ்சாவூர் பொம்மையாக ஆடிற்று. இப்படி ஒவ்வொன்றிலும் ஏற்றி இறக்கினேன்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்கீய. பானைக்குப் புடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்று சிரித்தார் கடைக்காரர்.

கடைசியில் குட்டையான இரும்பு அடுப்பு ஒன்று. ஒரே பர்னர், சுற்றி நாலு கனத்த தாங்கி. பானை அதில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்தது. கடைக்காரர் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பற்றவைத்துக் காட்டினார். நீலமாக, அசையாமல் எரிந்தது. விசிறியை ஏன் நிறுத்தினார் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தோப்பில்தான் தெரிந்தது. மலையிலிருந்து வருகிற ஆடிக் காற்று தென்னை மட்டைகளையே பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று தடவை பற்றவைத்தேன், மூன்று தடவையும் பொசுக்கென்று அணைந்தது. பானைக்குப் பொட்டு வைத்து, களைந்த அரிசியோடு நின்றிருந்தாள் என் மனைவி. "விடுங்க. மதினியே விறகுல வைக்கட்டும்" என்று என் அக்காவைக் காட்டி மெதுவாகச் சொன்னாள். மறுபடியும் அந்தத் தென்னைமரத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

அக்கா வேனுக்குப் போய் மூணு செங்கல் எடுத்துவந்தாள். இந்த அடுப்பு எரியாது என்று நம்பி, எங்களுக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள். விறகு மூட்டத்தான் போகிறாள் என்று நான் ஒதுங்கினேன். அவளோ மூணையும் அடுப்புக்கு மேற்கே வரிசையாக நட்டுக்குத்தாக நிறுத்தினாள். அதற்குப் பின்னால், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தானும் நின்றாள்.

"இப்பப் பத்த வையிலே. என்ன பாக்கே? நாலாவது செங்கல் நான்தான்."

பற்றவைத்தேன். தீ கொஞ்சம் சாய்ந்தது, அணையவில்லை.

"ஏட்டி, அரிசியைக் கையில வச்சுக்கிட்டு எங்கன போறே? ஆத்தா பசியோட இருக்கா. வா இங்கன" என்று அக்கா கத்தினாள்.

என் மனைவி வந்தாள். அவளே பால் ஊற்றினாள், அவளே அரிசி போட்டாள். பொங்கி வழிந்த பாலில் தீ அணைந்துபோக, நான் அவசரமாகக் குமிழைத் திருகிக் கேஸை நிறுத்தினேன். அதை யாரும் கவனிக்கவில்லை. அவள் குலவை போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் இருமல் வரவில்லை. அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையே இல்லாத இடத்தில்.

அக்கா காலமாகி ரெண்டு ஆடி போய்விட்டது. அடுப்பைச் சுற்றி வைக்க, காற்று மறைக்கிற தகரம் இப்போது அதே கடையில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வந்தேன். என் மனைவி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த மூணு செங்கலையும் கழுவி, மஞ்சள் பூசி, வேனில் ஏற்றினாள்.

அக்கா நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். முதுகில் சாரல் குத்துகிறது.

"மதினி இப்படியா ஆடினாவ? சும்மா நில்லுங்க" என்கிறாள் அவள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.