துக்ளக் வேலை

ஓடிக்கொண்டிருந்த தறி நின்றால் வீட்டில் அமைதி வராது, காதுக்குள் ஓர் இரைச்சல்தான் வரும். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும், சாமளாபுரத்தில் எங்கள் விசைத்தறிகள் அத்தனையையும் அப்பா ஒரே நாளில் நிறுத்தியபோது அதைத்தான் கேட்டேன். அப்போது எட்டாவது படித்தேன். அதுதான் என் மொத்தப் படிப்பு. இன்று முதலிபாளையத்தில் என் பனியன் கம்பெனி வாசலில் பட்டதாரிகள் வேலை கேட்டு நிற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாவு நூல் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளியோடு அப்பாவுக்குச் சண்டை. குண்டடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் 'காடு', அதாவது மானாவாரி நிலம், இருந்தது; தறிகளை அங்கே கொண்டுபோய்விட்டால் எவன் தயவும் வேண்டாம் என்று முடிவெடுத்தார். அம்மா ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும்போது வீடு மாற்றுவது எங்கள் பக்கம் ஆகாது.

"பொறந்ததுக்கப்பறம் போலாமுங்க" என்றாள் அம்மா.

"லாரி சொல்லியாச்சு" என்றார் அப்பா.

அம்மாவின் தம்பி, என் மாமன், "இது துக்ளக் வேலைங்க மச்சான்" என்றார்.

"என்னைய ராசான்னு சொன்னயே, சந்தோசம் மாப்ளே" என்று அப்பா சிரித்தார்.

யாரது என்று மாமனைக் கேட்டேன். டில்லி சனத்தை மொத்தமாகக் கிளப்பி வெகுதூரம் நடக்கவிட்டு, பிறகு எல்லாரும் திரும்பி வாங்க என்ற ராஜாவாம்.

"நடந்தவங்க என்னானாங்க மாமா?"

"வழியிலயே போனவங்க போய்ட்டாங்க கண்ணு."

குண்டடம் போய்ச் சேர்ந்தோம். எங்கள் தறிகளுக்காக அவ்வளவு தூரம் பாவு கொண்டுவர எந்த வண்டியும் தயாராக இல்லை. தறிகள் துருவேறின. அம்மாவுக்கு மாதம் நெருங்கியபோது, சாமளாபுரத்துக்கே திரும்ப அப்பா மறுபடி லாரி சொன்னார். வழி சொல்ல அவர் முன்னால் ஏறிக்கொள்ள, அம்மாவும் நானும் பின்னால் தறிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். பல்லடம் வருமுன்பே அவளுக்கு வலி கண்டது. பெண் குழந்தை. அழவே இல்லை.

படித்தவர்கள் 'துக்ளக்தனமான முடிவு' என்று பேப்பரில் எழுதுகிறார்கள்; முன்பின் யோசிக்காதது என்று அர்த்தம் சொல்கிறார்கள். நான் ஷிப்டை மாற்றினால் என் கம்பெனி இந்திக்காரப் பையன்கள் 'துக்ளகி' என்று முணுமுணுத்துச் சிரிக்கிறார்கள். எல்லோருக்கும் அந்த ராஜா கோமாளி. எனக்கு அந்தச் சொல்லில் சிரிக்க ஒன்றும் இல்லை. ராஜாவின் பேர் நிலைத்துவிட்டது. என் தங்கச்சிக்குப் பேரே வைக்கவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்தார். தறிகள் பழைய இரும்புக்குப் போயின. அம்மா மட்டும் சாமளாபுரத்தில் இருக்கிறாள். நான் கட்டிய மூன்றுமாடி வீட்டுக்கு வந்துவிடு, வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்று போன மாதம் சொன்னேன். என் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கேக்கறயா கண்ணு, உத்தரவு போடறயா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை வண்டி போகவில்லை.