தோளில் குத்து விழாமல் ஓகே இல்லை

1. ஆளுக்கொரு ஓகே

கப்பலில் சரக்கு இறக்கும் கிரேனுக்குச் சைகை கொடுக்கும் சிக்னல் மேனாகச் சேர்ந்த முதல் நாளே எனக்கு ஒரு சொல் மேல் எரிச்சல் வந்துவிட்டது. ஓகே. டீக்கடையில் அதற்கு 'போதும்' என்று அர்த்தம். ஆபீசில் 'பார்த்தேன், படிக்கவில்லை'. சூப்பர்வைசர் சொன்னால் 'வாயை மூடு'. என் மனைவி போனில் சொன்னால் அன்றைக்குச் சோறு கிடைப்பது சந்தேகம். வாக்கி டாக்கியில் நான் சொன்னாலோ, கிரேன் டிரைவர் கன்டெய்னரைத் தூக்கிவிடுவார்.

அது பிறந்த கதையும் பல. எவனோ ஸ்பெல்லிங் தெரியாமல் எழுதியது என்றார் ஒரு மாலுமி. எங்கள் கேங்கில் லேஷிங் வேலை பார்த்த ராயபுரம் ஸ்டீபன் வேறு சொன்னான். சண்டை நடக்கும் இடத்தில் சாயங்காலம் பலகையில் சைபர் போட்டுப் பக்கத்தில் 'கே' எழுதுவார்களாம். கே என்றால் கில்டு, அதாவது செத்தவர்கள். இன்றைக்கு ஒருத்தரும் சாகவில்லை என்று பொருளாம். உடான்ஸ் விடாதே என்று சிரித்தேன்.

2. விழாத குத்து

கன்டெய்னர்களைக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பிகளை லேஷிங்காரர்கள்தான் கழற்றுவார்கள். கழற்றிவிட்டு இறங்கும் ஒவ்வொருவரும் என் தோளில் தட்டிவிட்டுப் போக வேண்டும். எங்கள் கேங் வழக்கம் அது. இன்ஜின் இரைச்சலில் குரலை நம்ப முடியாது. மணியின் கை சம்மட்டி மாதிரி விழும். ஸ்டீபன் தட்டமாட்டான், விரலால் குத்துவான்.

ஒரு நாள் எல்லார் கையும் விழுந்தது, அந்தக் குத்து மட்டும் விழவில்லை. கப்பல் கிளம்பும் அவசரம். சூப்பர்வைசர் வந்து கத்தினார்.

"கிரேன் சும்மா நிக்குதுய்யா. ஓகே சொல்லு."

"ஸ்டீபன் இன்னும் வர்ல சார். சொல்ல மாட்டேன்."

டீ குடிக்கப் போயிருப்பான் என்றார்.

"போயிருந்தா கூட்டினு வா சார். இங்க வந்து என்னைத் தொடட்டும்."

நாளைக்கு உனக்கு வேலை இருக்காது என்றார். நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று வாக்கி டாக்கிக்குக் கையை நீட்டினார். நான் வாக்கி டாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு மணியை மேலே அனுப்பினேன்.

இரண்டு கன்டெய்னர் வரிசைக்கு நடுவே, இடுக்கில் கால் சிக்கி, கம்பியைப் பிடித்தபடி ஸ்டீபன் தொங்கிக்கொண்டிருந்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. கிரேன் தூக்கவிருந்தது அவன் பக்கத்துப் பெட்டியைத்தான். சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன் ஸ்டீபன் கையை நீட்டினான். குனிந்தேன். தோளில் விரலால் ஒரு குத்து.

"இப்ப சொல்லு நைனா."

சொன்னேன். கிரேன் அசைந்தது.

3. இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு

நம் கண் பார்க்காததற்கு, நம் தோளில் படாததற்கு, யார் மிரட்டினாலும் ஓகே சொல்லாதீர்கள். ஸ்டீபன் சொன்ன பலகைக் கதை உடான்ஸாகவே இருக்கட்டும். ஓகேவுக்கு அதைத் தவிர வேறு அர்த்தத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை.