குறுக்கே போன பூனை

டிவியில் ஓடுகிற பூனை, டிவியை அணைத்ததும் எங்கே தூங்கும் என்று என் மகள் கேட்கிறாள். உள்ளேயே தூங்கும் என்றால் பொய். உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவாளோ என்றும் இருக்கிறது. என் சின்ன வயதில் இதற்கு மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பதில் வைத்திருந்தார்.

ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே எங்கள் தெரு. அங்கே ஒரு சீரியல் எடுக்க வந்தார்கள். மாமா அவர்களுக்கு வேன் ஓட்டினார். இன்டர்வியூவுக்குக் கிளம்பும் கதாநாயகிக்குக் குறுக்கே போக ஒரு பூனை வேண்டுமாம், கறுப்பாக இருந்தால் நல்லதாம். எங்கள் பூனை பஞ்சுவோ வெள்ளைவெளேரென்று இருக்கும். வால் நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மாமா அதைக் கூடையில் எடுத்துப் போனார்.

சாயங்காலம் மாமா மட்டும் வந்தார். கையெல்லாம் கரி, முழங்கையில் கீறல்.

"வண்டி ரிப்பேரு பாப்பா."

"பஞ்சு எங்க மாமா?"

"அது டிவிக்குள்ள போயிருச்சு. சீரியல் முடிஞ்சாத்தான் வுடுவாங்க."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அன்றிலிருந்து சீரியல் நேரத்தில் டிவிக்கு முன்னால் ஒரு கிண்ணம் பால் வைத்தேன். திரையின் நீல வெளிச்சம் பாலில் அலையும். பஞ்சு உள்ளேயிருந்து நக்குவதுபோலவே இருக்கும். விளம்பரத்தில் எட்டிப் பார்த்தாலும் பார்க்கும் என்று அப்போதும் எழுந்திருக்க மாட்டேன்.

ஒருநாள் எங்கள் தெருவே திரையில் வந்தது. கதாநாயகி பையை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். கன்னங்கரேலென்று ஒரு பூனை குறுக்கே ஓடியது. பாதியில் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கோட்டைப் பக்கம் பாய்ந்து மறைந்துவிட்டது.

"ச்சூ! போ!" என்று கத்தினேன். அந்த அக்காவுக்கு வேலை கிடைக்க வேண்டுமே. பால் கிண்ணத்தையும் அதற்கு எட்டாமல் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இதுக்கும் பஞ்சு மாதிரியே வாலும்மா."

மாமா எழுந்து வெளியே போனார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, "அழாதம்மா, அந்தக்காவுக்கு வேற வேலை கெடைக்கும்," என்று தேற்றினேன்.